மூன்றாம் நம்பர் வண்டியின் கான்வாஸ் கை

என் டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, ஒரு கான்வாஸ் கை இருக்கிறது. சட்டை கிடையாது, கை மட்டும்தான். தோள் பக்கம் அகலமாகவும் மணிக்கட்டுப் பக்கம் ஒடுங்கியும், நிமிர்த்தி வைத்தால் தானாகவே நிற்கிற அளவுக்கு முரட்டுத் துணி. வீட்டில் சுண்ணாம்பு அடிக்க வந்தவர் அதைத் தண்ணீர்ப் பை என்று நினைத்தார். ஒவ்வொரு புரட்டாசியிலும் நான் அடுப்படியில் போய் மெழுகு உருக்கி, அதில் எண்ணெய் கலந்து, அந்தக் கைக்குத் தேய்த்து வெயிலில் காயப்போடுவேன். மருமகள் வந்த புதிதில் இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் வருடம் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, இது எந்தச் சாமிக்கு?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து.

சங்கரன்கோவிலில் எங்கள் முதலாளிக்கு ஐந்து பஸ்கள் இருந்தன. நான் அந்தக் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். ஆணி, போல்ட், கயிறு, கிரீஸ் டப்பா எல்லாம் என் பொறுப்பு. ஒரு ஆணி குறைந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்று அந்தக் காலத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மற்ற நாளெல்லாம் ஷெட்டில் சாவகாசம்தான். ஆடித்தபசுக் கூட்டத்தை ஏற்றி இறக்கி வண்டிகள் ஓய்ந்த பிறகு, புரட்டாசி பிறந்ததும் முதலாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுவார். "மழைக்குக் கட்டியாச்சா வே?" என்பது ஒன்றுதான் அவர் வாயிலிருந்து வரும். ஐப்பசியில் எங்கள் கரிசல் பாதைகளில் வண்டி ஓட்டுவது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கவலை புரியும். இளையரசனேந்தல் வழியில் ஒரு மழை பெய்தால் போதும், மாடு, மனிதன், வண்டி எல்லாம் ஒரே நிறமாகிவிடும். சக்கரத்தைக் களிமண் பிடித்துக்கொண்டு விடவே விடாது.

அதனால் ஒவ்வொரு வண்டியும் ஆறு நாள் ஷெட்டில் நின்று மழைக்குக் கட்டப்படும். கூரைத் தகரத்தின் இணைப்புகளில் தார் ஊற்றுவார்கள். பிரேக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவார்கள். சக்கரத்தில் சுற்றுவதற்குத் தேங்காய்நார்க் கயிறும், சேற்றில் அடிகொடுக்கப் பலகைகளும் சீட்டுக்கடியில் ஏறும். முன்கண்ணாடியில் தண்ணீர் நிற்காமல் வழிந்து போகப் புகையிலையை நனைத்துத் தேய்ப்பது டிரைவர்களின் கைவைத்தியம். கண்ணாடிக்கு வாங்குகிற புகையிலையில் பாதி வேறு எங்கோ போவதை நான் கண்டும் காணாமல் விட்டுவிடுவேன். கடைசி நாள் தண்ணீர்ப் பரீட்சை. கிளீனர்கள் கூரைமேல் ஏறிக் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்ற, டிரைவர் உள்ளே சாக்பீஸோடு உட்கார்ந்து, சொட்டு விழுகிற சீட்டிலெல்லாம் வட்டம் போடுவார். வட்டம் இல்லாமல் வெளியே வருகிற வண்டிக்குத்தான் மாலை. எங்கள் அண்ணன் ஒரு தடவை குடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, "ஒரு சொட்டு விழல முதலாளி" என்று சத்தியம் செய்தான்.

அண்ணன்தான் மூன்றாம் நம்பர் வண்டியின் டிரைவர். ஆறடிக்கு மேல் உயரம். கை முழங்காலைத் தொடுமோ என்று தோன்றும். இளையரசனேந்தல் வழி அவனுடையது. அந்தக் கால பஸ்களுக்குப் பக்கவாட்டில் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் மேலே சுருட்டிக் கட்டிய கான்வாஸ் படுதாக்களை இறக்கிவிட்டு வாரால் மாட்டிக்கொள்வார்கள். பயணிகளுக்கு அது சரி. டிரைவர் என்ன செய்வார்? வலது பக்கம் கையை வெளியே நீட்டித்தானே சைகை காட்ட வேண்டும்? அவர் பக்கத்தை மட்டும் திறந்தே வைத்திருப்பார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் முடிவதற்குள் எல்லா டிரைவருக்கும் வலது தோள் விறைத்துப்போகும். அண்ணனுக்கு ஒரு வருடம் சோற்றைப் பிசையக்கூடக் கை வராமல் போயிற்று. மதினிதான் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள்.

மதினி கரிவலம்வந்தநல்லூர்க்காரி. அங்கே அவள் அப்பா வில்வண்டிக் கூண்டுகளுக்குத் துணி தைக்கிறவர். மகளுக்கும் கோணி ஊசி பிடிக்க வரும். கம்பெனிப் படுதாக்களின் கிழிசலை வீட்டிலிருந்தபடியே அவள்தான் தைத்துக் கொடுத்துவந்தாள். அந்த வருடம் சோறு உருட்டிக் கொடுத்துக்கொண்டே என்ன யோசித்தாளோ, மறுநாள் மூன்றாம் நம்பர் படுதாவை வாங்கி, டிரைவர் பக்கத்தில் ஓர் ஓட்டை வெட்டி, அந்த ஓட்டையில் ஒரு கையைத் தைத்துவிட்டாள். சட்டைக்குக் கை வைப்பதைப் போலப் படுதாவுக்குக் கை. படுதாவை இறக்கிவிட்டு, கையை அதற்குள் நுழைத்து நீட்டினால், விரல் மட்டும் வெளியே தெரியும். ஒரு சொட்டு உள்ளே வராது. கடைவீதியில் அதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பஸ்ஸுக்குத் துதிக்கை முளைத்திருக்கிறது என்றார்கள். முதலாளி சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்துவிட்டு, "அஞ்சு வண்டிக்கும் வேணும்" என்றார்.

அதிலிருந்து புரட்டாசியில் ஒரு பிற்பகல் அளவெடுக்கிற நாளாயிற்று. மதினி ஷெட்டுக்கு வருவாள். டிரைவர்கள் வலது கையை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். ரோட்டில் வண்டியை ஓட்டி மிரட்டுகிற ஆட்கள் அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிவிடுவார்கள். வேற்று ஆம்பிளையின் கையை அவள் தொட்டு அளக்க முடியாது. நூலின் ஒரு முனையை நான் டிரைவரின் தோளில் பிடித்துக்கொள்வேன். அவள் ஓரடி தள்ளி நின்று மறுமுனையை இழுத்துப் பிடித்து, மணிக்கட்டுக்கு நேரே முடிச்சுப் போடுவாள். நூலில் வண்டி நம்பர் எழுதிய அட்டையைக் கட்டி, பிஸ்கட் டப்பா ஒன்றில் நான் பத்திரமாக வைப்பேன். அதில் நாலு நூல்தான் இருக்கும். அண்ணன் முறை வரும்போது அவன் கையை நீட்டி, "எனக்கு நூல் கிடையாதா?" என்பான், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. மதினி குனிந்தபடியே, "அவுக அளவு எனக்குத் தெரியும் தம்பி. அடுத்த ஆளக் கூப்பிடுங்க" என்பாள். இந்த விளையாட்டு வருடா வருடம் நடந்தது. அந்தப் பிற்பகல்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைகிறது, பிறகு உடனே வலிக்கிறது.

யுத்தம் வந்தது. பட்டாளத்து லாரி ஒன்று எங்கள் ஊர் வழியாகப் போகையில் ரிப்பேராகி ஷெட்டில் ஒரு நாள் நின்றது. அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பின்னால் நாலு சக்கரம், முன்னால் இரண்டு. அந்த லாரிதான் அவனைக் கெடுத்தது. பட்டாளத்துக்கு டிரைவர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் யாரையும் கேட்காமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். அம்மா அழுதாள். மதினி அழவில்லை, சண்டை போட்டாள். ஸ்டேஷனில் ரயில் கிளம்புகிறபோது அவன் அந்த நீளக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, வலது பக்கம் திரும்புகிற சைகையைக் காட்டினான், அவளைச் சிரிக்க வைக்க. "மழைக்கு முன்னால வந்துருவேன்" என்றான். அது ஆவணி மாதம்.

இரண்டு மாதம் கடிதம் வந்தது. மலேயா வரைக்கும் போய்விட்டான் என்று அதில் தெரிந்தது. அப்புறம் வரவில்லை. அடுத்த வருடம், காணவில்லை என்று சர்க்கார் காகிதம் ஒன்று வந்தது. அம்மா அதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மதினி என்னை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். "காணலன்னுதான போட்டிருக்கு? வேற ஒண்ணும் போடலயே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப சரி" என்று எழுந்துபோய் உலை வைத்தாள்.

மூன்றாம் நம்பருக்கு இளையரசனேந்தல் பக்கத்துக்காரர் ஒருவர் டிரைவராக வந்திருந்தார். தங்கமான மனிதர். ஆள் மட்டும் குட்டை. அந்தப் புரட்டாசியில் மதினி அவரையும் அளவெடுக்க வேண்டுமே என்று நான் நூலை எடுத்துக்கொண்டு போனேன். "மூணாம் நம்பருக்கு அளவு இருக்குல்லா தம்பி" என்றாள். புது டிரைவரின் முன்னால் என்ன சொல்வது? அண்ணனின் அளவிலேயே படுதா மாட்டப்பட்டது. அவர் கையை நுழைத்தால் விரல் வெளியே வராமல் உள்ளேயே நின்றது. நாலு விரற்கடை துணி முன்னால் தொங்கியது. என் முகத்தைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. "இருக்கட்டும் வே, நான் சுருட்டிக்கிடுதேன்" என்று சட்டைக் கையை மடிப்பதைப் போல மடித்துவிட்டுக்கொண்டார். மற்ற டிரைவர்கள் கேலி செய்தபோதும், "பெரிய ஆளு வண்டி, பெரிய கைதான இருக்கும்" என்று சொல்லிவிடுவார். இரண்டு மழை அப்படியே போயிற்று. அது தவறு என்று ஸ்டோர் கிளார்க்காகிய எனக்குத் தெரியும். கொழுந்தனாகிய நான் அதை வாய்விட்டுச் சொல்ல விடவில்லை.

அதற்குள் பெட்ரோல் இல்லாமல் போய், வண்டிகளின் முதுகில் கரி அடுப்பைக் கட்டிவிட்டார்கள். கரியை எரித்து, அந்த வாயுவில் பஸ் ஓடிய காலம் அது. காலையில் ஒருவர் நின்று அடுப்பை ஊதுகிற காற்றாடியைச் சுற்ற வேண்டும், வண்டி இருமி இருமிக் கிளம்பும். கரி ஈரமானால் ஒன்றும் நடக்காது. அதனால் புரட்டாசி வெயிலில் கருவேலங்கரியைப் பரப்பிக் காயவைத்து, சாக்கில் கட்டி, ஓலைப்பாய் சுற்றி அடுக்குவதும் மழைக்குக் கட்டுகிற வேலையில் சேர்ந்துகொண்டது. ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கரிக் கொட்டகை போட்டோம். எல்லாரும் கறுத்துப்போனோம். மதினி மட்டும் வெள்ளை நூலும் ஊசியுமாக வந்து உட்கார்ந்து, வழக்கம்போல அளவெடுத்து, வழக்கம்போல மூன்றாம் நம்பரை அளவெடுக்காமல் போனாள்.

மூன்றாவது மழையில் அது நடந்தது. ஓடைக்கு முந்தின வளைவில் வண்டி வலது பக்கம் திரும்ப வேண்டும். பின்னால் பருத்தி ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. டிரைவர் கையை நீட்டினார். மடித்துவிட்டிருந்த துணி நனைந்து கனத்து அவிழ்ந்து, விரலைத் தாண்டித் தொங்கி, காற்றில் முறுக்கிக்கொண்டது. கையை இழுத்தால் வரவில்லை. திருப்ப இரண்டு கை வேண்டும், ஒரு கை படுதாவில் மாட்டிக்கிடக்கிறது. வண்டி வளைவில் திரும்பாமல் நேரே கரிசலுக்குள் இறங்கி, ஒரு உடைமரத்தில் சாய்ந்து நின்றது. புண்ணியம், பயணிகளுக்குச் சேறு பூசியதோடு சரி, ஒரு கூடை முட்டை உடைந்தது. டிரைவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. முதலாளி விசாரித்தபோது அந்த மனிதர், "கை வழுக்கிட்டு முதலாளி" என்று மட்டும் சொன்னார். முதலாளி என் பக்கம் திரும்பி, "படுதாவெல்லாம் சரியா இருந்துச்சா வே?" என்று கேட்டார். "இருந்துச்சு முதலாளி" என்றேன்.

வீட்டில் மதினியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் சொல்லிவிட்டது. டிரைவரின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முட்டையும் உளுந்தமாவும் வைத்துக் கட்டியிருந்த கையை அவர் அவள் கண்ணில் படாமல் துண்டுக்குள் மறைத்தாராம். மறுநாள் பிற்பகல் ஷெட்டுக்கு வந்தாள். கையில் ஒரு நூல், அதில் ஒரு முடிச்சு. டிரைவரின் மனைவியை விட்டு, அவருடைய நல்ல கையை அளந்து வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். "மூணாம் நம்பர் படுதாவ எடுங்க தம்பி. கத்தரியும் வேணும்" என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. படுதாவை எடுத்து விரித்தேன், கத்தரியைப் பக்கத்தில் வைத்தேன். அந்தக் கத்தரி துணியில் இறங்குவதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கரிச் சாக்குகளைப் பார்க்க வேண்டும் என்று ஏதோ சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய், சும்மா நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் போய்விட்டாள். படுதா வண்டியில் மாட்டியிருந்தது, கை குட்டையாகியிருந்தது. கத்தரி நான் வைத்த இடத்திலேயே இருந்தது. கீழே வெட்டின துணி எதுவும் கிடக்கவில்லை. ஒரு ஆணி குறைந்தால் தெரியும் என்று மார்தட்டிய எனக்கு அன்று இந்த இரண்டும் கண்ணில் பட்டும் புத்தியில் ஏறவில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். எதற்குச் சொன்னேன்? தாங்க முடியாமல் சொன்னேன். "அம்மா, மதினி கைய வெட்டிட்டா." அம்மாவுக்கு அந்தக் கையின் விஷயம் முழுக்கத் தெரியும். இரண்டு வருடமாக அவள் மனசில் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. மகன் போய்விட்டான் என்று அவள் நம்பிவிட்டாள். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டிருக்கிறோமே, "என் பிள்ள தண்ணி இல்லாம அலையுதானோ என்னமோ" என்று புலம்புவாள். செய்தால் மதினியின் தாலியை இறக்க வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தாலே மதினி எழுந்து போய்விடுவாள். அம்மாவும் கட்டாயப்படுத்துகிறவள் இல்லை. அவளாகச் சம்மதிக்கட்டும் என்று காத்திருந்தாள். இப்போது என்னைப் பிடித்து உட்காரவைத்து, "அவளா வெட்டுனா? யாரும் சொல்லாமலா?" என்று கேட்டாள். "அவளேதான்" என்றேன். அம்மா வெகுநேரம் அழுதாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, பெரியப்பாவுக்கு ஆள் அனுப்பினாள்.

மறுநாள் காலையில் பெரியப்பா வந்து நாள் பார்த்தார். மதினி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அம்மா நயமாகத்தான் சொன்னாள்: "நீயே மனசத் தேத்திக்கிட்டேன்னு தெரிஞ்ச பொறவுதான் தாயி பேசுதோம்." மதினி அம்மாவைப் பார்க்கவில்லை, பெரியப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நான் வெட்டுனத நீங்க பாத்தீகளா தம்பி?"

கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொண்டேன் என்று பெரியப்பாவின் முன்னால் எப்படிச் சொல்வது? "பாத்தேன் மதினி" என்றேன்.

"அப்ப சரி" என்றாள்.

அவ்வளவுதான். வாதாடவில்லை, சத்தம் போடவில்லை. ஊசி டப்பாவையும் இரண்டு சேலையையும் பெட்டியில் வைத்துக்கொண்டு, கரிவலத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். அம்மா கையைப் பிடித்தாள், கும்பிட்டாள், நிற்கவில்லை. ராஜபாளையம் வழி போகிற ஒன்றாம் நம்பர் வண்டியில்தான் ஏறினாள். தூறிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கூரையில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு நான் இறங்கினேன். பெண்கள் சீட்டில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி தெருமுனையில் திரும்பும்போது டிரைவர் கையை நீட்டினார். அவள் தைத்த கை வெளியே வந்து, நின்று, உள்ளே போயிற்று. நான் நனைந்துகொண்டு நின்றேன்.

தாலி கழுத்திலிருக்க அவள் போய்விட்டதால் பெரிய சடங்கு எதுவும் நடக்கவில்லை. அம்மாவின் திருப்திக்காக நான் தெப்பக்குளத்துக் கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டேன். யுத்தம் முடிந்தது. கப்பலில் திரும்பி வந்தவர்களையெல்லாம் தேடிப் போய் விசாரித்தேன். அண்ணனைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. கரிவலத்துக்கு இரண்டு தடவை போனேன். மதினி சோறு போட்டாள், அம்மாவின் சௌக்கியத்தைக் கேட்டாள், வேறு பேச்சு வளரவில்லை. கூடப் பிறந்த அக்கா இல்லாத எனக்கு அந்த வீட்டில் பேச்சுத்துணை அவள்தான். பஸ் ஷெட்டில் நடந்த கோமாளித்தனங்களை வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னால்தான் அந்த நாள் முடியும். அவள் போன பிறகு நாட்கள் முடியாமலே அடுத்த நாளுக்குப் போயின. பெட்ரோல் திரும்பி வந்தது, கரி அடுப்புகள் இறங்கின. கடைவீதித் தையல்காரர் ஒருவர் கம்பெனிப் படுதாக்களைத் தைத்தார். மூன்றாம் நம்பர் படுதாவுக்கு மெழுகு பூசுகிற நாளில் மட்டும் நான் வேறு எங்காவது வேலை வைத்துக்கொள்வேன். அந்தக் குட்டைக் கையை என் கையால் தொட்டதேயில்லை.

அம்மா காலமானதற்கு அடுத்த வருடம் புது பஸ்கள் வந்தன. பக்கவாட்டில் ஏற்றி இறக்குகிற கண்ணாடி. பழைய மூன்றாம் நம்பரைப் பிரித்துப் போட முடிவாயிற்று. அதுவும் ஒரு புரட்டாசிதான். படுதாக்களைக் கழற்றிக் குவித்தார்கள். அந்தக் குட்டை டிரைவர் தம்முடைய படுதாவிலிருந்து கையை மட்டும் தையல் பிரித்து எடுத்து, என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "இத ஒம்ம மதினிட்ட குடுத்துரும் வே. பத்திரமாத்தான் வச்சிருந்தேன்" என்றார்.

"வெட்டிப்போட்ட துணிய வச்சு மதினி என்ன செய்யப் போறா?" என்றேன். இத்தனை வருடக் கசப்பும் அதில் இருந்திருக்கும்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "யாரு வெட்டுனா? மடிச்சில்லா தச்சிருக்காக. ஒமக்குத் தெரியாதா?"

கையை உள்வெளியாகத் திருப்பிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடைத் துணி உள்பக்கமாக மடிக்கப்பட்டு, பொடிப்பொடியான தையலால் சுற்றிலும் அடக்கப்பட்டிருந்தது. வளருகிற பெண்ணுக்குப் பாவாடையில் உள்மடிப்பு வைத்துத் தைப்பார்களே, அப்படி. மழையும் வெயிலும் படாத அந்த மடிப்பு மட்டும் வெளுக்காமல், எடுத்த நாளின் பச்சையாகவே இருந்தது. "அந்த எடத்துல ரெட்டத் துணி. மழையில எனக்குக் கதகதன்னு இருக்கும். ஒவ்வொரு மழைக்கும் நெனச்சுக்கிடுவேன்" என்றார் டிரைவர். அவருக்கு ஏழு வருடமாகத் தெரியும். எனக்கும் தெரியும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

அடுத்த வண்டியிலேயே கரிவலத்துக்குப் போனேன். மதினி வீட்டு வாசலில் வில்வண்டிக் கூண்டுத் துணி ஒன்றை மடியில் போட்டு ஊசி இழுத்துக்கொண்டிருந்தாள். முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. கழுத்தில் கயிறு புதுமஞ்சளாக இருந்தது. "வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?" என்றாள். நான் உட்காரவில்லை. கான்வாஸ் கையை அவள் முன்னால் வைத்தேன்.

"நான் பாக்கல மதினி. அன்னைக்குப் பாத்தேன்னு சொன்னது பொய்."

"தெரியும். நீங்க கரிக் கொட்டகைக்குப் போனத நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

"பொறவு ஏன் சொல்லல? மடிச்சுதான் தச்சிருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. அம்மா விட்டிருப்பாளே."

அவள் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மடிப்பின் மேல் விரலை ஓட்டினாள். ஒரு தையல்கூட விடவில்லை என்று பார்த்துக்கொண்டாள். "அந்த வீட்டுல நான் சொல்லாமலே தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான்னு நெனச்சேன் தம்பி. நீங்களே பாத்தேன்னு சொன்ன பொறவு, யாருட்ட போயி என்னத்தச் சொல்ல?" என்றாள். கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்குப் பிழைத்துப்போக ஒரு வழி இருந்திருக்கும். அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். முப்பது வயதைத் தாண்டிய ஆம்பிளை, தெருவில் போகிறவர்கள் பார்க்க அழுதேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

வீட்டுக்கு வரும்படி கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள், இங்கே கைநிறைய வேலை இருக்கிறது என்றாள். நான் எழுந்தபோது கான்வாஸ் கையை என்னிடமே நீட்டினாள்.

"இது ஷெட்டுலயே இருக்கட்டும். அவுக வந்தா மொதல்ல அங்கனதான் வருவாக. மழைக்கு முன்னால மெழுகு மட்டும் போட்டு வைங்க. தையலப் பிரிச்சிராதீக. அவுக வந்த பொறவு நான் பிரிச்சிக்கிடுதேன்."

"மழைக்கு முன்னால வந்துருவேன்னு சொல்லிட்டுப் போனான்" என்று உளறினேன். மதினி சிரித்தாள். அளவெடுக்கிற பிற்பகல்களில் குனிந்துகொண்டே சிரிப்பாளே, அதே சிரிப்பு. "எந்த வருசத்து மழைன்னா சொன்னாக?" என்றாள்.

கம்பெனி கைமாறியபோது கான்வாஸ் கையை நான் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். ஷெட் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. அந்தக் குட்டை டிரைவர் இல்லை. மதினியும் இல்லை. கழுத்துக் கயிற்றோடேதான் போய்ச் சேர்ந்தாள். அன்று கரிவலத்துக்காரர்கள் மஞ்சளும் பூவும் வைத்தே அனுப்பினார்கள், அதைப் பார்க்கிற பாக்கியமாவது எனக்கு வாய்த்தது. எவ்வளவோ பேரை இழந்திருக்கிறேன். ஆனால் ஐப்பசி பிறந்து, முதல் மழையின் மண்வாடை வரும்போது எனக்கு வேண்டும் என்று தோன்றுவது அந்த ஷெட்டின் ஒரு பிற்பகல்தான். நூலின் ஒரு முனையை நான் பிடித்திருக்க வேண்டும், மறுமுனையில் அவள் முடிச்சுப் போட வேண்டும், அண்ணன் தனக்கு நூல் கிடையாதா என்று சத்தம் போட வேண்டும்.

இந்தப் புரட்டாசியிலும் பெட்டியைத் திறந்தேன். வேட்டியைப் பிரித்துக் கான்வாஸ் கையை வெளியே எடுத்தேன். நூல் மக்கியிருக்கிறது. மடிப்பின் ஒரு பக்கம் தையல் தானாகவே விட்டு, உள்ளேயிருந்த பச்சை ஒரு விரற்கடை அகலத்துக்கு வெளியே தெரிந்தது. மருமகள் பக்கத்தில் வந்து பார்த்தாள். "நூல் போயிருச்சு மாமா. மிச்சத்தையும் பிரிச்சு விட்டுருவோமா? முழு நீளமா இருக்கும்லா?" என்று கேட்டாள். தையலைப் பிரிக்கக் கூடாது என்று மதினி சொன்னதை நான் அவளிடம் சொன்னதில்லை, தெரியாமல் கேட்ட பிள்ளை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நான் அந்தக் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பழைய ஊசித் துளைகளைப் பார்த்தேன். பிறகு அவளிடம் கோணி ஊசியும் நூலும் கேட்டேன். இந்தக் கண்ணுக்கு ஊசிக்காது தெரியாது. அவள்தான் கோத்துக் கொடுத்தாள். மதினியின் அந்தத் துளைகளிலேயே ஊசியை விட்டு, அந்த மடிப்பை மறுபடி உள்ளே அடக்கித் தைத்தேன். தைத்து முடிக்க மாலையாகிவிட்டது. மெழுகை உருக்கித் தேய்த்துக் கொடியில் தொங்கவிட்டேன். மழைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.